ஆன்சைட்டில் சைக்கிள்: முதலில் பாதை, அப்புறம் வண்டி

வேலைக்காக இரண்டு வாரம் அமெரிக்கா போய்விட்டு வந்தவரிடம் "என்னங்க பாத்தீங்க?" என்று கேட்டால், பாதிப் பேரின் பதில் ஒன்றுதான்: ஆபீஸ், ஹோட்டல், சனிக்கிழமை ஒரு மால், ஞாயிற்றுக்கிழமை நண்பர் யாராவது காரில் கூட்டிப்போன கோயில். கேட்டால் நேரம் இல்லை என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நேரம் இருக்கிறது. இரண்டு வாரத்தில் பத்து சாயங்காலம், நடுவில் ஒரு வாரக்கடைசி. ஜெட்லாக் வேறு, முதல் நாலைந்து நாள் விடிகாலையிலேயே முழிப்பு வந்துவிடும்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்கப் புறநகர்களில் கார் இல்லாதவருக்குக் கால் இல்லாத மாதிரிதான். ஹோட்டலுக்கு முன்னால் ஆறு வழிச் சாலை, பின்னால் கார் நிறுத்துமிடம். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் கடை இருக்கும், ஆனால் அங்கே நடந்துபோக நடைபாதை இருக்காது. எங்கே போனாலும் டாக்சி. காரை வாடகைக்கு எடுக்கலாம் என்றால் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், வலதுபக்கம் ஓட்டும் பயம். கடைசியில் என்ன நடக்கிறது? அறையில் உட்கார்ந்து புளிக்காய்ச்சலைக் கலந்து சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறக்கிறோம். பத்து சாயங்காலமும் இப்படியே போய்விடும்.

இந்த இடைவெளிக்குச் சரியாகப் பொருந்துவது சைக்கிள். நடப்பதைப் போல நாலு மடங்கு தூரம், லைசென்ஸ் வேண்டாம், நிறுத்த இடம் தேட வேண்டாம். ஆனால் பலர் முயற்சி செய்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். காரணம், தேடும் வரிசை. போனை எடுத்து "பக்கத்தில் சைக்கிள் வாடகை" என்று தேடுகிறோம். ஏதோ ஒரு கடை வருகிறது. வண்டியை எடுத்த பிறகுதான், கடை வாசலில் ஓடுவது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் கார்கள் போகிற சாலை என்று தெரிகிறது. வண்டி கையில் இருக்கிறது, ஓட்ட இடம் இல்லை.

இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது ஒரே விஷயம். வேலைப் பயணத்தில் முதலில் பாதையைக் கண்டுபிடியுங்கள். பாதை எது என்று தெரிந்துவிட்டால், எந்த மாதிரி வண்டி, எந்தக் கடை, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் தானாகவே முடிவாகிவிடும். ஏன் இப்படி என்று வட வர்ஜீனியாவை வைத்துப் பார்க்கலாம்.

தண்ணீர் ஓடும் இடம், ரயில் ஓடிய இடம்

தெரியாத ஊரின் வரைபடத்தைத் திறந்தால் இரண்டு கோடுகளைத் தேட வேண்டும். ஒன்று ஆறு, கால்வாய், ஏரிக்கரை. இன்னொன்று, ரயில் ஓடி நின்றுபோன பழைய பாதை.

தண்ணீரை ஒட்டிய பாதை பெரும்பாலும் சமதளமாக இருக்கும். அதைவிட முக்கியம், ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து குறுக்குச் சாலைகள் வராது. குறுக்குச் சாலை குறைந்தால் ஆபத்தும் குறைகிறது. சைக்கிள் விபத்துகளில் பெரும்பங்கு சந்திப்புகளில்தான் நடக்கிறது.

பழைய ரயில் பாதையின் கதை வேறு. நீராவி எஞ்சினுக்கு மேடு ஏறுவது பெரிய கஷ்டம். அதனால் பாதை போட்ட என்ஜினியர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, சரிவைப் பெரும்பாலும் நூறு மீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டருக்குள் வைத்திருந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் எஞ்சினுக்காகச் செய்த வேலை, இன்றைக்குப் பழக்கம் விட்டுப்போன நாற்பது வயது முட்டிக்கு உதவுகிறது. வளைவுகளும் பெரிசு பெரிசாக, மெதுவாகத் திரும்பும். ரயில் பாதை ஊர் ஊராக இணைத்துக்கொண்டு போனது என்பதால், வழியில் தண்ணீர், காபி, கழிப்பறை எல்லாம் கிடைக்கும்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட பாதைகள் நிறைய இருப்பதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. ரயில்வே கம்பெனிகள் பல இடங்களில் நிலத்தைச் சொந்தமாக வாங்கவில்லை. பாதை போகும் உரிமையை மட்டும் பெற்றிருந்தன. ரயில் நின்றால் அந்த உரிமை போய், நிலம் துண்டு துண்டாகப் பக்கத்து நிலக்காரர்களிடம் போய்விடும். ஒருமுறை துண்டானால் திரும்ப ஒட்டவைப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். 1983இல் செய்த ஒரு சட்டத் திருத்தம் இதற்கு வழி கண்டது: பிற்காலத்தில் மறுபடி ரயில் விடலாம் என்று பாதையைச் சேமித்துவைக்கலாம், அதுவரை நடக்கவும் சைக்கிள் விடவும் பயன்படுத்தலாம். 1986இல் இதற்கென்றே 'ரெயில்ஸ் டு ட்ரெயில்ஸ் கன்சர்வன்சி' என்ற அமைப்பு தொடங்கியது. இன்று அந்த நாட்டில் இந்த மாதிரிப் பாதைகள் 40,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. அந்த அமைப்பு நடத்தும் 'ட்ரெயில்லிங்க்' தளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால் பக்கத்தில் இருக்கும் பாதைகள் வரும். தேடலை இங்கிருந்து ஆரம்பிப்பது நல்லது.

ஒரு உதாரணம்: ஹெர்ண்டன் ஹோட்டலிலிருந்து

வாஷிங்டன் நகரத்துக்கு மேற்கே வியன்னா, ரெஸ்டன், ஹெர்ண்டன், ஆஷ்பர்ன், லீஸ்பர்க் என்று வரிசையாக ஊர்கள். டல்லஸ் விமான நிலையம் இங்கேதான் (டெக்சாஸில் இருக்கும் டாலஸ் வேறு). ஐ.டி. கம்பெனிகளும் டேட்டா சென்டர்களும் நிறைந்த பகுதி. நம்மவர்கள் நிறையப் பேர் வந்து தங்குகிற இடம். ஹோட்டல் ஜன்னலிலிருந்து பார்த்தால் சாலையும் பார்க்கிங்கும்தான் தெரியும். ஆனால் இந்த ஊர்களையெல்லாம் கோத்துக்கொண்டு ஒரு சைக்கிள் பாதை போகிறது என்பது இரண்டு வாரம் தங்கிவிட்டு வருகிற பலருக்குத் தெரியாது.

வாஷிங்டன் அண்ட் ஓல்ட் டொமினியன் என்று ஒரு ரயில்வே இருந்தது. 1968இல் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். நிலம் மின்சாரக் கம்பெனியின் கைக்குப் போனது. இன்றும் பாதையின் பெரும்பகுதியில் தலைக்கு மேல் உயர் அழுத்த மின்கம்பிகள் கூடவே வருவது அதனால்தான். பிறகு வட வர்ஜீனியாவின் பூங்கா ஆணையம் நிலத்தை வாங்கித் தார் போட்டது. 1988இல் மேற்குக் கோடியான பர்செல்வில் வரை வேலை முடிந்தது. கிழக்கே ஆர்லிங்டனில் ஷெர்லிங்டன் என்ற இடத்தில் தொடங்கி மொத்தம் 72 கிலோமீட்டர். அகலம் சுமார் 30 மீட்டர்தான். நீளமான, மெலிந்த ஒரு பூங்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெர்ண்டனில் பழைய ரயில் நிலையக் கட்டிடம் அப்படியே இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு சிவப்பு ரயில் பெட்டி. அங்கிருந்து கிழக்கே போனால் ரெஸ்டன், வியன்னா. மரங்கள் அடர்த்தி, நிழல் அதிகம். மேற்கே போனால் ஆஷ்பர்ன். உலகத்திலேயே டேட்டா சென்டர்கள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் ஒன்று. நாம் மதுரையிலோ கோவையிலோ உட்கார்ந்து 'கிளவுட்' என்று சொல்வது கடைசியில் ஜன்னல் இல்லாத பெரிய பெரிய சாம்பல் நிறக் கட்டிடம்தான் என்பதை சைக்கிள் வேகத்தில் பார்க்கலாம். லீஸ்பர்க் தாண்டினால் கிளார்க்ஸ் கேப் வரை ஏற்றம். ரயில் பாதைக்கே உரிய மெதுவான ஏற்றம், ஆனால் விடாமல் ஏறும். பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கத்தை வாரக்கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பாதை தண்ணீரை ஒட்டியது: மவுண்ட் வெர்னன் ட்ரெயில். போட்டோமாக் ஆற்றின் வர்ஜீனியா கரையில், தியோடர் ரூஸ்வெல்ட் தீவுக்கு எதிரிலிருந்து ஜார்ஜ் வாஷிங்டனின் வீடு இருக்கும் மவுண்ட் வெர்னன் வரை 29 கிலோமீட்டர். ஆற்றின் அந்தப் பக்கம் லிங்கன் நினைவகமும் வாஷிங்டன் ஸ்தூபியும் வரிசையாகத் தெரியும். ரேகன் விமான நிலையத்தின் வடக்கே கிரேவல்லி பாயின்ட் என்று ஒரு புல்வெளி; இறங்குகிற விமானங்கள் தலைக்கு மேலே, சக்கரம் தெரிகிற உயரத்தில் போகும். பெரியவர்களும் குழந்தைகளும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். அதற்கு அப்புறம் அலெக்சாண்ட்ரியாவின் பழைய நகரம், செங்கல் நடைபாதைகள், ஆற்றங்கரை.

புறநகரிலிருந்து இந்தப் பாதைக்குப் போவதும் இப்போது சுலபம். மெட்ரோவின் சில்வர் லைன் 2014இல் ரெஸ்டன் வரை வந்தது. 2022 நவம்பரில் டல்லஸ் விமான நிலையம் வழியாக ஆஷ்பர்ன் வரை நீண்டது. ராஸ்லின் நிலையத்தில் இறங்கினால் ஆற்றங்கரைப் பாதை பக்கம்தான்.

ஆக, இரண்டு பாதை. இப்போதுதான் வண்டி பற்றிய கேள்வி. இரண்டுக்கும் ஒரே மாதிரி வண்டி பொருந்தாது. அது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள வாடகை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

தெரியாத ஆளிடம் சைக்கிளைக் கொடுப்பது எப்படி?

நம்ம ஊர் வாடகை சைக்கிள் கடை ஞாபகம் இருக்கிறதா? மட்கார்டில் பெயின்டால் எழுதிய நம்பர். கடைக்காரர் நோட்டில் பெயரையும் எடுத்த நேரத்தையும் எழுதிக்கொள்வார். மணிக்கணக்கில் காசு. பெரும்பாலும் அட்வான்ஸ் கேட்க மாட்டார். ஏன்னா, நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரியும். வண்டி திரும்பி வராவிட்டால் நேராக வீட்டுக்கு வருவார். வெளியூர்க்காரர் போய்க் கேட்டால், தெரிந்தவர் யாராவது வந்து சொல்ல வேண்டும்.

வாடகை சைக்கிளின் உலக வரலாறே இந்த ஒரு சிக்கலின் வரலாறுதான்: வெளியூர்க்காரரை எப்படி நம்புவது? 1965இல் ஆம்ஸ்டர்டாமில் 'ப்ரோவோ' என்ற இளைஞர் குழு சைக்கிள்களுக்கு வெள்ளை பெயின்ட் அடித்துப் பூட்டாமல் தெருவில் விட்டது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எங்கே வேண்டுமானாலும் விடலாம். பூட்டாத சைக்கிளை விட்டுவைப்பது சட்டத்துக்கு விரோதம் என்று போலீஸ் பறிமுதல் செய்தது. 1995இல் கோபன்ஹேகன் நகரம் 20 குரோனர் நாணயத்தைப் போட்டால் பூட்டு திறக்கும் வண்டிகளை நிறுத்தியது. திருப்பி விட்டால் நாணயம் திரும்ப வரும். ஆனால் எடுத்தவர் யார் என்று தெரியாது. திருட்டை நாணயத்தால் தடுக்க முடியவில்லை. 1998இல் பிரான்ஸின் ரென் நகரம் பயனாளரை அடையாளம் காணும் அட்டையைக் கொண்டுவந்தது. அடையாளம் தெரிந்தவுடன் சிக்கல் தீர ஆரம்பித்தது. 2005இல் லியோன், 2007 ஜூலையில் பாரிஸின் 'வெலிப்' என்று பெரிய அளவில் போனது. வாஷிங்டனின் 'கேபிட்டல் பைக்‌ஷேர்' 2010இல் தொடங்கியது.

நோட்டுப் புத்தகத்தின் இடத்தில் கிரெடிட் கார்டு வந்துவிட்டது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டால் பயணிக்கு இரண்டு விஷயம் தெளிவாகும்.

முதலாவது, விலை. நிலையத்தில் எடுத்து நிலையத்தில் விடும் பொது சைக்கிள்களில், ஒரே வண்டி ஒரு நாளில் பல பேர் கையில் மாற வேண்டும். அப்போதுதான் நடத்துகிறவருக்குக் கட்டுப்படியாகும். அதனால் நீங்கள் நீண்ட நேரம் வைத்திருப்பதை அவர்கள் விரும்புவதில்லை. நிமிஷக் கணக்கில் காசு ஏறிக்கொண்டே போகும், அல்லது குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் கூடுதல் கட்டணம். கடையில் நேர் எதிர். வண்டியை உங்களுக்குக் கொடுத்த பிறகு அன்றைக்கு இன்னொருவருக்குக் கொடுப்பது சந்தேகம்தான். அதனால் மணி ஏற ஏற விலை இறங்கும். நாலு மணி நேரத்துக்கும் முழு நாளுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒன்று ஏறும் கோடு, ஒன்று இறங்கும் கோடு. இரண்டும் எங்கோ வெட்டிக்கொள்ளும். அந்த இடத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்: ஆப்பில் காட்டும் நிமிஷ விலையை உங்கள் மொத்த நிமிஷத்தால் பெருக்குங்கள். நிமிஷத்துக்கு 20 சென்ட் என்று வைத்துக்கொண்டால் அரை மணிக்கு 6 டாலர். மூன்று மணிக்கு 36 டாலர். கடையின் அரை நாள் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பொது சைக்கிளுக்கு வேறொரு பெரிய வசதி உண்டு: எடுத்த இடத்துக்குத் திரும்ப வேண்டாம். மவுண்ட் வெர்னன் பாதையில் இது அருமையாகப் பொருந்தும். ராஸ்லினில் எடுத்து, ஆற்றங்கரையோடு சுமார் 13 கிலோமீட்டர் போய், பழைய அலெக்சாண்ட்ரியாவில் நிலையத்தில் மாட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, கிங் ஸ்ட்ரீட் மெட்ரோவில் திரும்பலாம். ஜார்ஜ் வாஷிங்டனின் வீடு வரை போய் வரவேண்டும் என்றால் 58 கிலோமீட்டர். அதற்குக் கடை சைக்கிள்தான் சரி. பொது சைக்கிள் கனமானது, நாலு பேர் தூக்கி எறிந்தாலும் தாங்கணும் என்று செய்தது. பழைய ரயில் பாதையில் நீண்ட தூரம் போகவும் கடை வண்டியே நல்லது. அந்தப் பாதையை ஒட்டிய ஊர்களில் சைக்கிள் கடைகள் இருக்கின்றன. கடையைத் தேடும்போது ஹோட்டலுக்குப் பக்கத்தில் என்று தேடாமல் பாதைக்குப் பக்கத்தில் என்று தேடுங்கள். கடையிலிருந்து பாதைக்கு ஆறு வழிச் சாலையைக் கடக்காமல் போக முடிகிற கடைதான் உங்கள் கடை. முன்கூட்டியே போன் செய்து உயரத்தைச் சொல்லி வைத்தால் சரியான அளவு வண்டி கிடைக்கும். ஹெல்மெட்டும் பூட்டும் சேர்த்துக் கேளுங்கள். நிலையத்தில் ஹெல்மெட் கிடைக்காது.

இரண்டாவது, பணம். கார்டு என்பது அடகு மாதிரி. வண்டி எடுக்கும்போது ஒரு தொகையை உங்கள் கணக்கில் நிறுத்திவைப்பார்கள். வண்டி திரும்பியதும் விடுவிப்பார்கள், ஆனால் அது வங்கிக்கு வந்து சேர நாட்கள் ஆகலாம். கிரெடிட் கார்டில் இது தொந்தரவு இல்லை. கம்பெனி படிக்காசு ஏற்றிக் கொடுத்த ஃபாரெக்ஸ் கார்டில் செய்தால், ராத்திரி சாப்பாட்டுக் காசு முடங்கிப்போகும். ஆகவே சொந்த கிரெடிட் கார்டு, அதுவும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் திறந்துவைத்தது. பொது சைக்கிளைச் சரியாக மாட்டாமல் விட்டுத் தொலைந்தால் ஆயிரம் டாலருக்கு மேல் பிடிப்பார்கள். பச்சை விளக்கு எரிந்ததா, ஆப்பில் பயணம் முடிந்ததா என்று பார்த்துவிட்டு நகருங்கள். ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

நிறுத்திவைக்கும் பணம் வேறு, முன்பணமாகக் கட்டுவது வேறு. 2018 ஜூனில் சிங்கப்பூரில் 'ஓபைக்' சேவை திடீரென்று மூடியபோது, ஆளுக்கு 49 டாலர் வரை முன்பணம் கட்டியிருந்த ஏராளமானோர் திரும்பப் பெற அலைந்தார்கள். கடைக்காரரை நாம் நம்புவதும் இந்தக் கணக்கில் ஒரு பகுதிதான். குறுகிய பயணத்தில் முன்பணம் கேட்கும் ஆப்களைத் தவிர்த்துவிடலாம்.

இரண்டு மணி நேரக் கணக்கு

ஆபீஸ் முடிந்த சாயங்காலத்தில் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி எடுக்க, சீட் உயரம் சரிசெய்ய, திருப்பிக் கொடுக்க அரை மணி. எதிர்பாராததற்கு, அதாவது பஞ்சருக்கும் வழிதவறலுக்கும், கால் மணி. மிச்சம் ஒன்றேகால் மணி. பழக்கமில்லாதவர் இந்த மாதிரிப் பாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர் சுலபமாகப் போவார். ஆக மொத்தம் 18, 19 கிலோமீட்டர். போக ஒன்பது, வர ஒன்பது. ஹெர்ண்டனிலிருந்து ரெஸ்டன் தாண்டிப் போய் வர இது தாராளம். முக்கியமான விதி: எவ்வளவு தூரம் வந்தோம் என்று பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். பாதி நேரம் ஆனவுடன், இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், திரும்பிவிட வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். வாஷிங்டன் பக்கம் ஜூன் மாதத்தில் சூரியன் மறைய எட்டரை ஆகும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும். நம்ம ஊரில் வருஷம் முழுக்க ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில் மறைகிற சூரியனைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தோன்றாது. கோடையில் சாயங்காலம் ஓட்டலாம், ஆனால் இடிமழை வருவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். மழை ரேடாரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குளிர்காலப் பயணம் என்றால் வாரக்கடைசி மத்தியானம் மட்டுமே. ஜெட்லாக் முழிப்பைப் பயன்படுத்திக் காலையில் ஓட்டலாம் என்றால் பொது சைக்கிள்தான் கைகொடுக்கும்; கடை அத்தனை சீக்கிரம் திறக்காது. ஆனால் விடிந்த பிறகு கிளம்புங்கள். ஊர்களுக்கு வெளியே பாதையில் விளக்கு கிடையாது.

கை, கண், காது

ஓட்டத் தெரிந்தவர்கள் தடுமாறுவது மூன்று இடங்களில்.

கை: அமெரிக்காவில் இடது கைப் பிரேக் முன் சக்கரத்துக்கு, வலது கை பின் சக்கரத்துக்கு. நம்ம ஊர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலது கைதான் முன் பிரேக். அவசரத்தில் பழக்கப்பட்ட கை தவறான சக்கரத்தைப் பிடித்தால் தலைகுப்புற விழலாம். கடை வாசலிலேயே இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து, நாலு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

கண்: போக்குவரத்து வலதுபக்கம். நேராகப் போகும்போது யாரும் குழம்புவதில்லை. திரும்பும்போதும், யாரும் இல்லாத காலிச் சாலையில் ஏறும்போதும்தான் உடம்பு தானாக இடதுபக்கம் போகும். சாலையைக் கடக்கும்போது முதல் கார் இடதுபுறத்திலிருந்து வரும். பழைய ரயில் பாதை சாலைகளைக் கடக்கும் இடங்கள் நிறைய. அங்கே பாதைக்காரர்களுக்கு நிறுத்தப் பலகை இருந்தால் நின்றுதான் போக வேண்டும். ஒரு கார் நின்று வழிவிட்டாலும் அடுத்த வரிசையில் வருகிற காருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

காது: பின்னாலிருந்து யாராவது "ஆன் யுவர் லெஃப்ட்" என்று கத்துவார்கள். இடதுபக்கம் போ என்று அர்த்தம் இல்லை; உன் இடதுபுறமாக உன்னைத் தாண்டுகிறேன் என்று அர்த்தம். புதிதாகக் கேட்பவர்கள் திரும்பிப் பார்த்து இடதுபக்கமே சாய்வது சகஜம். நேராக, வலது ஓரமாகப் போய்க்கொண்டே இருந்தால் போதும். நீங்களும் தாண்டும்போது மணி அடியுங்கள் அல்லது குரல் கொடுங்கள்.

இன்னொன்று: கம்பெனியின் பயணக் காப்பீட்டைப் படித்துப் பாருங்கள். வேலை நேரத்துக்கு வெளியே சைக்கிள் ஓட்டி அடிபட்டால் செலவு யார் பொறுப்பு என்பது ஒவ்வொரு பாலிசியிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அமெரிக்காவில் ஒரு எலும்பு முறிவின் பில் இரண்டு வாரப் படிக்காசை விழுங்கிவிடும்.

வேறு ஊரில் இதே வரிசை

இந்த முறை வட வர்ஜீனியாவுக்கு மட்டும் உரியது இல்லை. முதலில் பாதை, பிறகு வண்டி என்று கேட்டால் ஒவ்வொரு ஊரும் வேறு பதில் சொல்லும்.

நெதர்லாந்தின் ஐந்தோவனுக்கு சிப் தொழில் வேலையாகப் போகும் தமிழர்கள் நிறைய. அங்கே பாதை தேட ஆறோ பழைய ரயிலோ வேண்டாம்; எண்கள் போதும். சைக்கிள் பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண், அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி. 1995இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் ஹூகோ போலன் என்ற சுரங்க என்ஜினியர் தொடங்கிவைத்த முறை இது. நெதர்லாந்து முழுக்கப் பரவிவிட்டது. போக வேண்டிய எண்களை ஒரு சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போனைப் பார்க்கவே வேண்டாம். ஐந்தோவனுக்கும் வெல்தோவனுக்கும் நடுவில், சாலைச் சந்திப்புக்கு மேலே கம்பிகளில் தொங்கும் 'ஹோவன்ரிங்' என்ற வட்டமான சைக்கிள் பாலம் 2012இல் திறந்தது. இன்னொரு பக்கம் நூனன். வின்சென்ட் வான்கோ 1883 முதல் 1885 வரை வாழ்ந்த ஊர். அங்கே போகும் வழியில் இருட்டில் ஒளிரும் கற்கள் பதித்த பாதை 2014 முதல் இருக்கிறது. ஒரே எச்சரிக்கை, அந்த ஊர் வண்டிகள் பலவற்றில் பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் பிரேக். வண்டிக்கு, ஹோட்டலில் முதலில் கேளுங்கள்; பல ஹோட்டல்களில் வாடகைக்கு வைத்திருப்பார்கள். ரயில் நிலையத்தில் கிடைக்கும் ஓ.வி. சைக்கிள் அந்நாட்டுப் பயண அட்டை வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்தது.

சிங்கப்பூரில் தங்கக்கூட வேண்டாம், விமானம் மாறும் இடைவெளியே போதும். சாங்கி இரண்டாம் முனையத்துக்குப் பக்கத்திலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்கா வரை இணைப்புப் பாதை 2020 அக்டோபரில் திறந்தது. முனையத்துக்குப் பக்கத்திலேயே வாடகை சைக்கிளும், காசு கொடுத்துக் குளிக்கும் இடமும் உண்டு. ஆறேழு மணி நேர இடைவெளியும், வெளியே போக விசா வசதியும் இருப்பவர்களுக்குக் கடலோரமாக ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, குளித்துவிட்டு, அடுத்த விமானத்தைப் பிடிக்க முடியும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஹோட்டல் முகவரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டரில் ஆறோ பழைய ரயில் பாதையோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை ஒட்டிய கடை அல்லது நிலையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் சூரியன் எப்போது மறைகிறது என்று எழுதி வையுங்கள். ஹோட்டலை நீங்களே தேர்ந்தெடுக்க முடிகிற கம்பெனி என்றால், ஒரே விலையில் இரண்டு ஹோட்டல் இருக்கும்போது பாதைக்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். ஆபீஸுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. ஆபீஸுக்கு எப்படியும் கேப் வரும், பாதைக்கு வராது.